அவனுக்கு இன்னும் காலம் வேண்டும் என்று நான் சொன்னேன்

மகன் ஃபுட்போல் விளையாடுகிறான் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் உதைபந்து என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை, இது தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை மாதிரியான பந்தைக் கையால் எறிந்து, ஒருவரை ஒருவர் இடித்து விழுத்துகிற விளையாட்டு என்று விளக்கினால், பிள்ளையை உதுக்கு ஏன் விட்டனீங்கள் என்று கேட்பார்கள். நான் எங்கே விட்டேன்? ஒன்பதாம் வகுப்பில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்களாக்கும் என்று நினைத்து, வாசிக்காமல் போட்டுக் கொடுத்தேன்.

அப்போது நாங்கள் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்து மல்வேர்னில் வாடகைக்கு இருந்தோம். நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறேன். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். கணவருக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அதனால் மகனைப் பயிற்சியிலிருந்து கூட்டிவருகிற பொறுப்பு என்னுடையது. நாலு மணிக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கி, பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, என் காரில் அவனுடைய பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவேன். பயிற்சி முடிய ஐந்தரையாகும். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பேன். மூன்று வருடம் அப்படி நின்றேன். மழைக்கும் நின்றேன், மூக்கு விறைக்கிற குளிருக்கும் நின்றேன்.

கோச் புவியியல் படிப்பிக்கிற ஆசிரியர். ஆள் அலுமாரி போல இருப்பார், குரல் மட்டும் மெல்லிசு. மகனைக் குவார்ட்டர்பேக் ஆக்கப்போவதாக முதல் மாதமே சொன்னார். அணி முழுவதும் முன்னால் முட்டி மோதிக்கொண்டிருக்க, பின்னால் பந்தோடு நின்று, அதை யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவெடுக்கிறவன்தான் குவார்ட்டர்பேக். இதற்கு மூன்று வருடம் வேண்டும் என்று கோச் எனக்குச் சொன்னார். முதல் வருடம் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாதாம், தன்னை இடிக்க வருகிறவன் மட்டும்தான் தெரிவானாம். இரண்டாம் வருடம் தன் கூட்டாளிகளில் ஒருவன் தெரிவானாம். மூன்றாம் வருடம்தான் மைதானம் முழுக்கக் கண்ணுக்குள் வருமாம். இடையில் அவசரப்படுத்தினால் பிள்ளை பயந்து கெட்டுப்போய்விடும், பிறகு திருத்த முடியாது என்றார்.

மூன்று வருடம் என்றதும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஏழு வயதிலேயே பிள்ளையை நாலு ரியூஷன் வகுப்புக்கு அனுப்பி, அடுத்த தவணைக்குள் பலன் கேட்கிற ஆட்களுக்குள் வாழ்கிறவள் நான்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. முதல் வருடம் பந்தை எடுத்தவுடன் எங்கேயோ எறிந்துவிட்டு ஓடினான். இரண்டாம் வருடம் ஒரே ஒருவனைப் பார்த்துக்கொண்டே இருந்து அவனுக்கே எறிந்தான். அது யாருக்குப் போகப்போகிறது என்று வேலியில் நிற்கிற எனக்கே தெரிந்தது, எதிரணிக்குத் தெரியாமல் இருக்குமா? மூன்றாம் வருடம் மூத்த அணிக்கு மாறினான். அங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன் விளையாட, இவன் பயிற்சியில் மட்டும் எறிந்துவிட்டு, ஆட்டத்தன்று தாள் செருகிய மட்டையும் பென்சிலுமாக ஓரத்தில் நின்று ஆட்டத்தைக் குறித்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் ஒக்ரோபரில், தூறல் விழுந்த ஒரு பின்னேரம் அதைக் கண்டேன். பயிற்சியில் பந்தை எடுத்தவன் இடப்பக்கம் பார்த்தான், தோளையும் திருப்பினான். எதிரில் நின்றவர்கள் எல்லோரும் இடப்பக்கம் ஓடினார்கள். அவன் நிதானமாக வலப்பக்கம் திரும்பி எறிந்தான். அங்கே ஒருவன் தனியே ஓடிக்கொண்டிருந்தான், பந்து அவன் கைக்குள் போய் விழுந்தது. மைதானம் முழுக்க இவன் கண்ணுக்குள் வந்துவிட்டது என்று அந்த நிமிடமே தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சப்பாத்துச் சேற்றைக் காருக்குள் கொட்டாதே என்று மட்டும் ஏசினேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, நான் ஐந்து மணிக்கு எழும்பி வந்தால் அவன் எனக்கு முன்னமே சமையலறை மேசையில் இருப்பான். கடலையும் பயறும் பரப்பி, கடலை எங்கள் ஆட்கள், பயறு எதிராளிகள் என்று நகர்த்திக்கொண்டிருப்பான். ஆட்டத் திட்டங்கள் எழுதிக் கோச் கொடுத்த தடித்த கொப்பியைப் பாடமாக்கியிருந்தான். பதினேழு வயதில் எந்தப் பிள்ளை ஐந்து மணிக்கு எழும்பும்?

ஜூன் மாதம், வசந்தகாலப் பயிற்சியின் கடைசி நாள், கோச் வேலிக்குப் பக்கத்தில் வந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பெடியன் படிப்பு முடித்துப் போகிறான், அஜக்ஸ் பக்கமிருந்து புதிதாக ஒரு பெடியன் வந்திருக்கிறான், அவனும் என் மகனுமாக இரண்டு பேரில் ஒருவரைத்தான் செப்ரெம்பரில் மைதானத்தில் இறக்கலாம் என்றார். அந்த இலையுதிர்காலத்தில்தான் பல்கலைக்கழகத்துக்காரர் தங்கள் அணிக்கு ஆள் எடுக்க வந்து பார்ப்பார்களாம். இரண்டு பேரும் நன்றாக எறிகிறார்கள், கை தனக்குத் தெரியும், மனம் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும் என்றார். வீட்டில் அவன் எப்படி, உழைக்கிறானா, ஆயத்தமாகிவிட்டான் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "அவனா? சரியான சோம்பேறி. எழுப்பாவிட்டால் மத்தியானம் வரைக்கும் படுத்துக்கிடப்பான். இன்னும் குழந்தைப்பிள்ளை, அவனுக்கு இன்னும் காலம் வேண்டும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன்.

எங்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பெற்ற பிள்ளையைப் பிறத்தியாருக்கு முன்னால் புகழக்கூடாது, நாவூறு பட்டுவிடும். மருத்துவம் படிக்க இடம் கிடைத்த மகளைப் பற்றிக் கேட்டால், ஏதோ இழுபட்டு வந்திட்டாள் என்று சொல்ல வேண்டும். கேட்கிறவரும், அப்படியென்றால் பிள்ளை வெகு கெட்டிக்காரி என்று விளங்கிக்கொண்டு பொறாமைப்பட வேண்டும். நான் அவனைச் சோம்பேறி என்று சொன்னபோது எனக்குள் பெருமை பொங்கி வழிந்தது. அந்த மனுசனுக்கு அது எப்படித் தெரியும்? மற்றத் தாய் தகப்பன் எல்லாம் தங்கள் பிள்ளை எறிந்த பந்தைப் படம் பிடித்து அவருக்கு அனுப்புகிறவர்கள். அவர்கள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்டுப் பழகியவர் அவர். நான் சொன்னதில் பாதியைக் கழித்தால் என்ன மிஞ்சும்? நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

செப்ரெம்பரில் அஜக்ஸ் பெடியன் இறங்கினான். என் மகன் மறுபடியும் மட்டையும் பென்சிலுமாக ஓரத்தில் நின்றான். ஏன் என்று கேட்டேன். கோச்சின் முடிவு என்று மட்டும் சொன்னான். எங்கள் பிள்ளைகள் என்றால் இவங்களுக்குக் கண் தெரியாது என்று நான் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். இரண்டு மாதம் கோச்சைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நவம்பரில் கடைசி ஆட்டம். அஜக்ஸ் பெடியனுக்குக் கணுக்கால் பிரண்டு நடக்க முடியவில்லை. நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்க என் மகனை இறக்கினார்கள். எட்டுத் தடவை பந்து அவன் கைக்கு வந்தது. எட்டிலும் யாருக்கு எறிய வேண்டுமோ அவனுக்கே எறிந்தான், ஒன்றைக்கூட எதிரணி தொடவில்லை. ஆனாலும் முன்பே நிறையப் புள்ளிகள் பின்னால் நின்றபடியால் தோற்றுப்போனார்கள்.

ஆட்டம் முடிந்து கோச் என்னிடம் வந்தார். தான் பிழை விட்டுவிட்டதாகச் சொன்னார். இவனைத்தான் செப்ரெம்பரிலேயே இறக்கியிருக்க வேண்டுமாம். இத்தனை வருடத்தில் எந்தத் தாயும் தன் பிள்ளை ஆயத்தமில்லை என்று தன்னிடம் சொன்னதில்லை, நீங்கள் சொன்னபடியால் நம்பிவிட்டேன் என்றார். என்னைக் குற்றம் சொல்வதற்காக அவர் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் சொன்னார். பல்கலைக்கழகத்துக்காரர் எல்லோரும் அதற்குள் வந்து போய்விட்டிருந்தார்கள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவருக்கும் தெரியாது. மகன் மின்வேலை படித்தான், நல்ல வேலை, கலியாணம் செய்து விட்பியில் வீடு வாங்கினான். குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பதினொரு வருடமாக அந்த ஜூன் பின்னேரம் என்னை விட்டுப் போகவில்லை. என் பஸ் பாதை இன்றைக்கும் அந்த மைதானத்தைக் கடந்துதான் போகிறது. பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போதும் என்னுடைய சிரிப்பு எனக்குக் கேட்கும். சொன்ன வார்த்தையைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கொல்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் கோட்டும் சூட்டும் போட்டவர்கள் சுற்றியிருந்து, இளம் குவார்ட்டர்பேக்குக்கு எத்தனை வருடம் கொடுக்க வேண்டும் என்று சண்டை பிடிப்பார்கள். ஒருவர் இரண்டு என்பார், ஒருவர் நாலு என்பார். நான் எழும்பிச் சமையலறைக்குப் போய்விடுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு விட்பியில் மகன் வீட்டில் இருந்தோம். அவன் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீதியில் இருக்கிற அன்ரி ஒருவர் வந்திருந்தார். மகனின் மூன்று வயது மகள், என் பேத்தி, நூறு துண்டுப் படம் ஒன்றைத் தனியே பொருத்தி முடித்தாள். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி என்று அன்ரி வாயில் கையை வைத்தார். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என்னத்தைக் கெட்டிக்காரி, உவள் சரியான மொக்கு."

அன்ரிக்கு விளங்கியது, சிரித்தார். பேத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மகன் தொலைக்காட்சிச் சத்தத்தை நிறுத்தினான். அன்ரியை வாசல் வரைக்கும் போய் மரியாதையாக அனுப்பிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தான்.

"அம்மா, அவளுக்கு முன்னால உப்பிடிச் சொல்லாதேங்கோ."

நாவூறு படாமல் இருக்கச் சொல்வதுதானே என்றேன்.

"தெரியும். இப்ப தெரியும். அப்ப தெரியாது. நீங்கள் சொன்னதைக் கோச் அந்தக் கிழமையே எனக்குச் சொன்னவர்."

பதினொரு வருடமாக நான் ஒளித்து வைத்திருந்தது என்னைவிட அவனுக்கு ஐந்து மாதம் முந்தியே தெரிந்திருக்கிறது. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று எப்படியோ கேட்டேன்.

"ஏன் கேக்கோணும்? நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் வந்து நிண்டு பாத்தது. வேற ஆர் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டன். நீங்கள் சொன்னபடியால் உண்மை எண்டு நினைச்சன்."

அப்படியானால் அந்தக் கடைசி ஆட்டம்? எட்டுத் தடவை எறிந்தாயே என்றேன்.

"அது லக் எண்டு நினைச்சன், அம்மா."

இல்லை, நீ ஆயத்தமாகத்தான் இருந்தாய், அதற்கு ஒரு வருடம் முன்னமே நான் என் கண்ணால் கண்டேன், உன்னைப்போல ஒருவனை அந்த மைதானத்தில் நான் பிறகு பார்க்கவில்லை என்று சொன்னேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் முகத்துக்கு நேரே அவனைப் புகழ்ந்தேன். அவன் என் கையைப் பிடித்து இரண்டு தரம் தட்டினான். அழுகிற மனுசியை ஆறுதல்படுத்துகிற மாதிரி, "சரி அம்மா, விடுங்கோ" என்றான். நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவன் நம்பவில்லை.