பெரியண்ணன் நிலம் குறுகிய கதை

எங்கள் கடத்தூர்ப் பக்கத்தில் பெரியண்ணனைப் போல ஒரு சந்தேகப் பிராணியைப் பார்க்க முடியாது. பால் ஊற்ற வருகிறவர் படியில் அளந்தால் இவர் விரலைப் பார்ப்பார். மகள் வெளியே போய் வந்தால் யாரைப் பார்த்தாய், என்ன பேசினாய் என்று குடைந்தெடுப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தம்பி மாதுவோடு வரப்புத் தகராறு வந்தபிறகு இது முற்றிவிட்டது. சித்தப்பா வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று மகளுக்கு உத்தரவு.

மகள் பிரியதர்ஷினி எட்டாவது படிக்கிறாள். கிட்டே இருப்பதைப் பெரிதாகவும் தள்ளி இருப்பதைச் சிறிதாகவும் வரைய, ஓவிய வகுப்பில் ஆக்சிலியா டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அவள் தங்கள் நிலத்தை வரைந்தாள். படம் தர்மபுரியில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அப்பாவிடம் காட்டிவிட்டாள்.

படத்தில் மாதுவின் மரவள்ளிக் காடு அகலமாக விரிந்து கிடந்தது. அதற்கப்பால் பெரியண்ணன் நிலம் போகப் போகக் குறுகி, கடைசியில் கோவணம் அளவுக்கு வந்திருந்தது. போட்டி என்றால் அதிகாரிகள் பார்ப்பார்கள். நாளைக்குத் தம்பி இதையே சாட்சியாகக் காட்டினால்? மகளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

"டீச்சர், மாது உங்களுக்கு என்ன குடுத்தான்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் படம் போட்டிக்குப் போகவேண்டுமே! "யாரும் எதுவும் குடுக்கலீங்க. பாப்பா உக்காந்து வரைஞ்ச எடத்துல இருந்து பாத்தா அப்படித்தாங்க தெரியும். வேணும்னா நீங்களே போய் நின்னு பாருங்க."

பிரியதர்ஷினிக்கு முகம் வெளுத்துவிட்டது.

பெரியண்ணன் விடுவாரா? மகளையும் கூட்டிக்கொண்டு போய், படத்தை விரித்துப் பிடித்தபடி வரப்பில் நின்றார். பொருந்தவில்லை. தம்பி காட்டுக்குள் இறங்கி இன்னும் பின்னால் போனார். தன் நிலம் குறுகக் குறுக, நடந்துகொண்டே இருந்தார். படமும் நிலமும் பொருந்தியபோது தம்பி வீட்டு வாசற்படி அவர் குதிகாலில் இடித்தது. வீடு பூட்டியிருந்தது.

ஆயுசில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் பலித்திருக்கிறது. பாவம், மனிதருக்கு அதில் துளி சந்தோஷமும் இல்லை.

"இங்கதான் உக்காந்து வரைஞ்சியா?"

"ஆமாப்பா."

"எதுக்கு இங்க வர்றே? உன்கிட்ட என்னென்ன கேக்கறாங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டாங்கப்பா," என்றாள். "அதுக்குத்தான் வர்றேன்."

அவர் வாயில் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, படத்தை மகளிடம் நீட்டினார்.