இறால் ஓட்டில் வளராத பூஞ்சை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மகள் கௌதமி பெங்களூரிலிருந்து திடீரென்று வந்து நின்றாள். லேபில் கரண்ட் இல்லையாம். முகம் கழுவ தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைனில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்பக்கம் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

குழாயடியில் என் மனைவி பேசின் நிறைய இறால் ஓட்டைப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கௌதமி பிஎச்.டி. மாணவி. மீன் மார்க்கெட்டில் குப்பைக்குப் போகிற இறால் ஓட்டைப் பொடியாக்கி, அதில் ஒரு பூஞ்சையை வளர்த்துப் புளிக்க வைப்பாள். ஓட்டைத் தின்பதற்காகப் பூஞ்சை ஒரு என்சைமைச் சுரக்கும். எந்தச் சூட்டில், எவ்வளவு ஈரத்தில் அது அதிகமாகச் சுரக்கும் — இதுதான் ஆராய்ச்சி. நாற்றம் என்று ஹாஸ்டலில் விரட்டிவிட்டார்கள். அதனால் ஓட்டு மூட்டை எங்கள் வீட்டுக்கு வரும். காயவைத்துத் தருவது அம்மாவின் டியூட்டி.

ஆனால் பூஞ்சை வளரவே இல்லை. சூட்டை மாற்றினாள், ஈரத்தை மாற்றினாள், பூஞ்சையையே மாற்றினாள்... ஊஹூம். தனக்குப் படிப்பே வராது என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். பூசணம் பிடிக்க வேண்டும் என்று புத்த விகாரையில் மெழுகுவத்தி ஏற்றிய ஒரே தாய் என் மனைவியாகத்தான் இருப்பாள்.

"எப்பவும் இப்டிதான் கழுவுவியாம்மா?"

"பின்ன? உப்பு, மஞ்சத்தூளு போட்டு ஊற வச்சிதான். நாத்தத்தோட எட்த்துனு போனா காலேஜுல உன்ன இன்னா நெனப்பாங்க?"

மஞ்சளும் உப்பும் இருக்கிற இடத்தில் பூஞ்சை எப்படி வளரும்? ஊறுகாய் போடுகிற எந்தப் பெண்ணுக்கு இது தெரியாது? என் மனைவியின் ஊறுகாய் வருஷக்கணக்கில் கெடாது.

கௌதமி பேசினைத் தாண்டிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். உள்ளே வந்து என்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். ஆராய்ச்சியை முடிக்க இந்த மாதத்தோடு கெடு முடிகிறது. இனி நீட்டிக்க முடியாது என்று கைடு கைவிரித்துவிட்டார். புது ஓடு வாங்கி முதலிலிருந்து தொடங்க நாள் இல்லை.

"அம்மாவாண்ட சொல்லிடாதப்பா. தாங்காது."

யாரைத் திட்டுவது? கெடுதல் செய்தவனைத் திட்டலாம். பாசம் செய்த வேலையை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கும் அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை அவள் ரயிலுக்குக் கிளம்பும்போது, என் மனைவி பையை நீட்டினாள்.

"இந்த வாட்டி மஞ்ச கொஞ்சம் தூக்கலா போட்டுக்கிறேன் கண்ணு. நாத்தமே இல்ல. பூசணம் வந்துரும் பாரு."

கௌதமி சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தப் பத்தியை என் மனைவி படிப்பதே இல்லை — இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அதுவே நல்லது என்று தோன்றுகிறது.