துறைமுகத்தடி நூலகத்தில் கதை நேரம்

நூலகத்தில் வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்து புத்தகம் வாசிப்பது என்றுதான் ஊர் நினைத்திருந்தது. இந்த வேலையில் இருந்து பாடுபட்டவர்களே, உங்களுக்கு உண்மை தெரியும். சண்டை நடந்த வருசங்களில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன நூலகத்தில் நான் இருந்தேன். புத்தகம் கொடுப்பதோடு, கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் ஏதாவது நிகழ்ச்சி நடத்துவதும் என் பொறுப்பு.

கைக்குழந்தைகளுக்குப் பாட்டு

சனிக்கிழமை காலையில் தாய்மார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பாயில் இருப்பார்கள். நான் கைதட்டிப் பாடுவேன். அன்புவழிபுரத்தில் இருந்து வரும் கலாவின் மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. ஒருநாள் பாட்டுக்கு நடுவில் துறைமுகப் பக்கம் பெரிய வெடி. யன்னல் கண்ணாடி அதிர, நான் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். அந்தப் பிள்ளை அசையவில்லை. பாயின் நுனியைச் சப்பிக்கொண்டே இருந்தது. சத்தம் அடங்கியதும் நான் திரும்பக் கைதட்டினேன். அவ்வளவுதான், வீறிட்டு அழத் தொடங்கிவிட்டது.

கலா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “வெடி இவளுக்குப் பழகிப்போச்சு மிஸ். கைதட்டுறதுதான் இன்னும் பழகேல்லை.”

இளையோர் வட்டம்

பள்ளிக்கூடம் விட்டபிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகள் கூடி, வாசித்த கதையைப் பற்றி வாதாடுவார்கள். அதில் வாயாடி சுமதிதான். பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுகிறார்கள் என்று கதை பரவியபோது, அவளுடைய தாய்தகப்பன் அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். கொஞ்ச நாளாக அவளைக் காணவில்லை. பிறகு ஒரு பின்னேரம், சேலையும் புதுத் தாலியுமாகக் கதவடியில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு இருந்த மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “கலியாணம் கட்டின ஆக்களும் இந்த வட்டத்துக்கு வரலாமோ மிஸ்?”

பெரியவர்களுக்கு எழுத்து

யோகம் அக்கா சல்லிக் கிராமத்தில் இருந்து வருவா. கடலுக்குப் போன புருசனைப் பிடித்துக்கொண்டு போனதாகச் சனம் சொன்னது. எங்கே என்று எவரும் சொல்லவில்லை. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி, யாரையாவது கெஞ்சித்தான் முறைப்பாட்டில் அவருடைய பெயரை எழுதுவிப்பா. அதைத் தானே எழுத வேண்டும் என்றுதான் வகுப்புக்கு வந்தா. எழுதவும் பழகிவிட்டா. “இனி உங்கட பேரை எழுதுவம் அக்கா” என்று சிலேட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

“என்ர பேர் என்னத்துக்குப் பிள்ளை? நான் காணாமப் போகேல்லையே.”

குடும்ப வாசிப்பு

சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்த சனம் கிளிவெட்டியில் கொட்டில்களில் இருந்தபோது, படப்புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஒரு தகப்பனும் சின்ன மகளும் முன்னால் வந்து இருந்தார்கள். கட்டையில் கட்டிய மாட்டின் படம் வந்ததும், மகள் பக்கத்தைப் புரட்டவிடாமல் கையை வைத்து அமத்திக்கொண்டாள்.

“எங்கட லெட்சுமியும் இப்பிடித்தான் கட்டியிருக்கு” என்றாள்.

“அவிழ்த்து விட்டிட்டுத்தானே வந்தனாங்கள் எண்டு நீங்களும் சொல்லுங்கோ மிஸ்” என்றார் தகப்பன். “நான் சொன்னா நம்புறாளில்லை.”

“ஓம், லெட்சுமி இப்ப வயல்ல மேயும்” என்றேன். கையை எடுத்தாள். கதை முடிந்ததும் தகப்பன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு றோட்டு வரை வந்தார். பஸ் வருவதைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: “ஷெல் விழேக்க, அவிழ்க்க நேரம் இருக்கேல்லை மிஸ்.”

எங்கள் நூலக வாசலில் ‘அமைதி பேணுக’ என்று பெரிதாக ஒரு பலகை தொங்கியது. அந்த வருசங்களில் அதற்குக் கீழ்ப்படிந்தவர்கள் எங்கள் வாசகர்கள் மட்டும்தான்.