அப்புத்துரையாரின் சைவ முட்டை

காபன் தாள்களை இடையில் செருகி, விளிம்புகளை மேசையில் தட்டி நேராக்கிக்கொண்டு, அப்புத்துரையார் இன்றைய மனுவை எழுதத் தொடங்குகிறார். ஒரு பிரதி கச்சேரிக்கு, அரசாங்க அதிபருக்கு. ஒன்று சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு. மூன்றாவது அவருடைய தகரப் பெட்டிக்கு. ரயில் கடவையில் யாழ்தேவி ஊதுவது போதாது என்று போன மாதம் எழுதினார். இந்த மாதம் அது அளவுக்கு மிஞ்சி ஊதுகிறது என்று எழுதுகிறார்.

"எழுதாமல் விட்டால் எங்களை மறந்துபோடுவாங்கள், மாஸ்டர்," என்பார் என்னிடம். கிளிநொச்சியிலிருந்து மூன்று மைல் தள்ளி, வாய்க்கால் ஓரமாகக் கிடக்கிற எங்கள் குடியேற்றத்தை யாரும் மறக்காமல் இருக்க அவர் செய்கிற தொண்டு அது. நான் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். அவருடைய வளவுக்கு எதிர்வளவில் குடியிருக்கிறேன். ஆகவே மனுக்களை முதலில் கேட்கிற பாக்கியம் எனக்கு.

அப்புத்துரையார் யாழ்ப்பாணத்தில் ஒரு பிரக்கிராசியிடம், அதாவது வக்கீலிடம், கிளாக்கராக இருந்தவர். கோட்டுக் கடதாசி எழுதிப் பழகிய கை. காடு வெட்டிக் காணி கொடுத்தபோது மூன்று ஏக்கர் வயலும் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் பெற்று இங்கே வந்தார். வயலில் மற்றவர்கள் இறங்குவார்கள். அவர் குடையோடு வரம்பில் நின்று நெல்லுக்கு உத்தரவு போடுவார். தோளில் சால்வை இல்லாமல் அவரை மாடுகூடக் கண்டதில்லை. கிராம முன்னேற்றச் சங்கத்துக்கு எட்டு வருடமாக அவரே செயலாளர். கூட்டத்தின் அறிக்கையை முதல் நாளே எழுதி முடித்துவிடுவார். மறுநாள் கூட்டம் அதைப் பார்த்து நடந்தால் போதும்.

இரண்டு வருடத்துக்கு முன் சங்கத்துக்குப் பன்னிரண்டு லெகோன் கோழிக்குஞ்சுகள் இலவசமாகக் கிடைத்தன. வெள்ளை வெளேரென்ற சீமைக் குஞ்சுகள். அங்கத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு முன் "கொஞ்சக் காலம் வச்சுப் பரிசோதிக்க வேணும்" என்று செயலாளர் பன்னிரண்டையும் தம் வளவுக்கே கொண்டுபோனார். பரிசோதனையில் நாலைக் கீரி கொண்டுபோயிற்று. ஐந்து வெயிலில் வாடிச் செத்தன. இரண்டு ஏன் செத்தன என்று அவரே அறிக்கையில் எழுதவில்லை. மிஞ்சிய ஒன்றை அவருடைய மனைவி பத்மாசனி குசினியில் அடுப்பங்கரையில் வைத்து, வாயில் தவிடு குழைத்து ஊட்டி உயிர் பிழைக்க வைத்தார். பிள்ளையில்லாத வீடு. கோழி அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது என்று சொல்லவேண்டும்.

அது முட்டையிடத் தொடங்கியதும் ஒரு சங்கடம் வந்தது. அப்புத்துரையார் சுத்த சைவம். வெங்காயத்தையே வெள்ளிக்கிழமையில் சந்தேகத்தோடு பார்க்கிறவர். இரண்டு நாள் யோசித்து ஒரு தீர்ப்புக் கண்டுபிடித்தார்.

"உது சேவலைக் கண்ணாலயும் காணாத கோழி, மாஸ்டர். அப்ப உதின்ர முட்டையில உயிர் இல்லை. உயிர் இல்லாதது சைவம்தானே?"

அன்று தொடக்கம் காலையில் ஓர் அரை அவியல் முட்டை. அதையும் இருந்து சாப்பிடமாட்டார். இருந்து சாப்பிட்டால் அது சாப்பாடு. நின்றுகொண்டு விழுங்கினால் மருந்து.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்து கிடைக்கவில்லை. திங்களும் கிடைக்கவில்லை. கோழி வேலி ஓரத்தில் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நிமிர்த்தி வைத்த போத்தலைப் போல நின்றது. இடைக்கிடை உடம்பை நெரித்து முக்கியது. தீனைத் தொடவில்லை. பத்மாசனி அதைத் தூக்கி அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, முட்டை உள்ளுக்க இறுகிப்போய்க் கல்லு மாதிரிக் கிடக்குது. சுடுதண்ணியில இருத்திப் பாப்பம்."

"தொடாதையும்! உது சீமைச் சாதி. எங்கட வைத்தியம் உதுக்கு ஒத்துவராது. நான் எழுதிறன்."

எழுதினார். பட்டணத்து மிருக வைத்தியருக்கு இரண்டு பக்கம். 'மேற்படி கோழியானது மேற்படி முட்டையை மேற்படி தினத்தில் இட மறுத்துள்ளது' என்ற வசனத்தை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். 'அவசரம்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார், அளவுகோல் வைத்துத்தான். தபாலில் சேர்த்துவிட்டு வந்து, தம் பங்கு முடிந்துவிட்டது போலச் சாய்வு கதிரையில் சாய்ந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கோழி நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. சிவந்த கொண்டை வெளுத்துவிட்டது. பத்மாசனி அடுப்பு மூட்டவில்லை.

"பதில் வரட்டும்," என்றார் அப்புத்துரையார்.

"பதில் வரும். கோழி இராது."

பத்மாசனி எழுந்தார். கோழியைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு படலையைத் திறந்து வீதிக்கு வந்துவிட்டார். பதினெட்டு வருடத்தில் கணவர் சொல்லாமல் அவர் படலை தாண்டியதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

வீதியோர வேப்பமரத்தின் கீழே மதலேனம்மா கருவாட்டுக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. செவ்வாய்க்கிழமைகளில் பரந்தனில் பஸ் மாறி வருவார். என் வீட்டில் கருவாடு வாங்குவோம். அப்புத்துரையார் வீட்டுப் படலை அவருக்குத் திறப்பதில்லை. "கருவாட்டு மணம் சைவ வளவுக்க வரக்கூடாது," என்பது செயலாளரின் கட்டளை.

மதலேனம்மா கோழியை வாங்கி மடியில் கிடத்தினார்.

"எப்ப தொட்டு, தங்கச்சி?"

"ஞாயிறு தொட்டு, அக்கா."

"மூண்டு நாளே? இவ்வளவு நேரமும் என்ன செய்தனியள்?"

பத்மாசனி திரும்பித் தம் வீட்டைப் பார்த்தார். படலைக்குள் நின்ற அப்புத்துரையார் தொண்டையைச் செருமினார். "கடிதம் போட்டிருக்கு."

"கோழி வாசிக்குமே, ஐயா? போய்ச் சுடுதண்ணி கொண்டாங்கோ. கை பொறுக்கிற சூடு. சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும்."

எட்டு வருடமாக எங்களுக்கு உத்தரவு போட்ட மனிதர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு போனார். வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்துணியோடு வந்து சூழ்ந்தார்கள். வெயில் படாமல் குடை பிடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது.

சுடுதண்ணீரில் கோழியின் பின்பக்கத்தை அமிழ்த்தி, மதலேனம்மா கால்மணி நேரம் அசையாமல் பிடித்திருந்தார். கோழி முதலில் உதறியது. பிறகு சூட்டுக்கு இசைந்து கழுத்தை அவர் கையில் சாய்த்தது. தடவிப் பார்த்தார்.

"இளகிப்போட்டுது. இனி விரலில எண்ணெய் பூசி உள்ளுக்க முட்டையைச் சுத்தி விட வேணும். என்ர கை சரிவராது. உப்பில வெடிச்ச கை, உள்தோலைக் கிழிச்சுப்போடும். தங்கச்சி, உன்ர கையைக் காட்டு."

பத்மாசனி கையை நீட்டினார். மம்மட்டியும் விறகும் பிடித்துக் காய்த்துப்போன கை. மதலேனம்மா தலையை ஆட்டினார். அடுத்ததாக என் கையைப் பார்த்தார். நகத்தைக் கண்டு முகத்தைச் சுளித்தார். பிறகு அவருடைய பார்வை படலையடியில் போய் நின்றது.

"ஐயா, உங்கட கையை ஒருக்காக் காட்டுங்கோ."

அப்புத்துரையார் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"காட்டுங்கோவன். இந்த வாய்க்காலிலயே வேலை செய்யாத கை உங்கட கைதான். பூ மாதிரிக் கிடக்குது. அதுதான் வேணும்."

சூழ நின்றவர்கள் சிரித்தார்கள். எட்டு வருடம் அடக்கி வைத்த சிரிப்பு. அப்புத்துரையார் கோபத்தோடு எல்லோரையும் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார். பத்மாசனி சிரிக்கவில்லை. அவருடைய கண்ணீர் கோழியின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

அப்புத்துரையார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வீதி மண்ணில் முழந்தாளில் இருந்தார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். எண்ணெய் பூசினார். மேற்படி கோழியின் பின்பக்கத்துக்குள், கச்சேரிக்கு மனு எழுதிய அந்த விரல் போயிற்று.

"மெதுவா. அமத்தாதேங்கோ. உள்ளுக்க உடைஞ்சால் கோழி முடிஞ்சுது. சுத்தி... சுத்தி... ஓம், அப்பிடித்தான். தங்கச்சி, நீ வயித்தைப் பின்னால தள்ளிக் கொடு."

அப்புத்துரையாரின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கியது. உதடு எதையோ முணுமுணுத்தது. தேவாரமோ மேற்படியோ எனக்குக் கேட்கவில்லை. கோழி ஒருமுறை உடம்பெல்லாம் நெரித்து முக்கியது.

"பத்மா!" என்று கத்தினார். ஊர் முன்னால் அவர் மனைவியின் பெயரைச் சொன்னதை அன்றுதான் கேட்டோம். "பத்மா, வருகுது!"

முட்டை அவருடைய கைக்குள் வந்து விழுந்தது. பெரிய முட்டை, ஓட்டில் இரத்தக் கோடு. இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் எல்லோருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. ஒரு நிமிடம் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

"கோழியை இருட்டான இடத்தில, சூடாக் கிடக்க விடுங்கோ," என்றார் மதலேனம்மா. "தவிட்டை மட்டும் போட்டால் ஓட்டுக்குச் சத்து எங்கால? எங்கட கடற்கரைக் கோழியள் சிப்பி கொத்தித் தின்னுறதால உந்த வருத்தம் குறைவு. வாற கிழமை இடிச்சுக் கொண்டாறன்."

பின்னேரம் கோழி எழுந்து தண்ணீர் குடித்தது. வியாழக்கிழமை பத்மாசனியின் சேலைத் தலைப்பைக் கொத்தியது. அடுத்த நாள் நடந்த சங்கக் கூட்டத்தின் அறிக்கையில், 'செயலாளர் உரிய நேரத்தில் எடுத்த துரித நடவடிக்கையால் சங்கத்தின் கோழி காப்பாற்றப்பட்டது' என்று ஒரு வசனம் இருந்தது. கடற்கரைக்காரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திங்கட்கிழமை வைத்தியரிடமிருந்து பதில் வந்தது: கோழியை நேரில் கொண்டுவரவும். அது தகரப் பெட்டிக்குப் போயிற்று.

மறு செவ்வாய் மதலேனம்மா வந்தார். கருவாட்டுக் கூடையை என் வீட்டு வாசலில் வைத்து, கை கால் கழுவி, இடித்த சிப்பித் தூளை ஒரு சிறு துணிப்பையில் கட்டிக்கொண்டு அப்புத்துரையார் வீட்டுப் படலைக்குப் போனார். வெயில் கொளுத்தியது.

"கூடையை மாஸ்டர் வீட்டில வச்சிட்டுத்தான் வந்திருக்கிறா," என்று பத்மாசனி உள்ளே சொல்வது கேட்டது. "கூப்பிடுங்கோ. வந்து இருக்கட்டும்."

பிறகு படலை அகலத் திறந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

அப்புத்துரையார் சாய்வு கதிரையைத் தாமே சுமந்துகொண்டு வெளியே வந்தார். வீதியைக் கடந்து, வேப்பமர நிழலில், ஆட்டம் இல்லாத இடமாகப் பார்த்து அதை விரித்து வைத்தார். தோளிலிருந்த சால்வையை எடுத்து இருக்கையை இரண்டு தரம் துடைத்தார். "இருங்கோ," என்றார். பிறகு திரும்பி உள்ளே போய்ப் படலையைச் சாத்திக்கொண்டார்.