மருந்தடிக்க ஒரு லைசென்ஸ்

லண்டனுக்கு நான் கொண்டுவந்த சூட்கேஸில், உடுப்புகளுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் என் சான்றிதழ் இருந்தது. பூச்சிமருந்தைக் கலக்கவும் அடிக்கவும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தகுதியானவன் என்று ஊரில் விவசாயத் திணைக்களம் எழுதித் தந்தது அது. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மருந்தடிக்கிற முறையைத் தோட்டக்காரர்களுக்குப் படிப்பித்துச் சம்பளம் வாங்கியவன்.

எண்பதுகளின் கடைசியில் நானும் மனைவியும் மனோர் பார்க்கில் ஒரு மாடி அறையில் இருந்தோம். நான் பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் பாண் அடுக்கினேன். அந்த அறையை நினைத்தால் இப்போதும் மனம் இளகிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியில் எப்போதும் ஈரம் வழியும். கறி தாளிக்கும்போது வாசம் கீழே வீட்டுக்காரருக்குப் போகக்கூடாதென்று அவள் கதவடியில் துவாயைச் சுருட்டி வைப்பாள். அப்படியும் போகும். அவர் அடுத்த நாள் படியில் கண்டு, நேற்று மீன்கறியா என்று கேட்பார். எங்களிடம் இல்லாத சாமான்களை எண்ணி முடிக்க ஏலாது, ஆனாலும் அவ்வளவு சிரிப்பு பிறகு வந்த எந்த வீட்டிலும் இருக்கவில்லை.

ஒருநாள் வேலை தேடுகிறவர்கள் போகிற ஜொப் சென்ரர் பலகையில் ஒரு அட்டையைக் கண்டேன். நகரக் கவுன்சிலுக்காக நடைபாதைகளில் களைக்கு மருந்தடிக்க ஒரு கொம்பனிக்கு ஆள் தேவை, லைசென்ஸ் கட்டாயம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாண் அடுக்குவதை விட்டுத் திரும்பவும் வெளிச்சத்தில் நடக்கலாம் என்பது ஒருபக்கம். அதைவிடப் பெரிய ஆசை, அந்தப் பதினொரு வருடமும் இந்த நாட்டிலும் செல்லுபடியாக வேண்டும் என்பதுதான். சான்றிதழைப் பிரதி எடுத்து, இதற்கு ஈடாக இங்கத்தைய லைசென்ஸைத் தரும்படி உரிய அலுவலகத்துக்கு எழுதினேன்.

பதில் நாலு வரியில் வந்தது. வெளிநாட்டுச் சான்றிதழை மாற்றித் தர முடியாது, புதிதாக வருகிற எல்லாரையும்போல நானும் சோதனை எடுக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அதைத் தபாலில் போடச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். அவள் போடவில்லை என்பது சோதனைக்குத் திகதி வந்த பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பதிலாக விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியிருந்தாள்.

சோதனை லண்டனுக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் நடந்தது. வயதான வெள்ளைக்காரர் ஒருவர் பரிசோதகர். அவர் கேட்காமலே என் பதினொரு வருடப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். மருந்து இல்லை, தாங்கியில் வெறும் தண்ணீர்தான். தாங்கியை முதுகில் மாட்டி, அளந்து வைத்த தூரத்தை ஒரே வேகத்தில் நடந்து காட்டினேன். அவர் தலையாட்டினார். பிறகு வேண்டுமென்றே அடைத்து வைத்திருந்த ஒரு நொசிலைத் தந்து சரிசெய்யச் சொன்னார். தண்ணீர் பீறி வருகிற குழாய் நுனியைத்தான் நொசில் என்பது. நான் அதைக் கழற்றினேன், வாயில் வைத்து ஊதினேன்.

அவர் பேனாவை மூடிவிட்டார்.

மருந்து தொட்ட நொசிலை வாயில் வைக்கக்கூடாது, பிரஷால்தான் அடைப்பை எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? ஒவ்வொரு கூட்டத்திலும் நானே தொண்டை கிழியச் சொன்னதுதான். ஆனால் கூட்டம் முடிந்து தோட்டத்துக்குள் இறங்கினால், அங்கே பிரஷ் கொண்டுவந்தவர் யார்? அடைத்தால் எல்லாரும் ஊதினார்கள், நானும் ஊதினேன். ஒரு தோட்டக்காரர் ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டார்: "ஐயா, நாங்கள் நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறதோ, செய்யிறதைப் பாக்கிறதோ?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் அசடு வழியச் சிரித்தேன். கொட்டகையில் ஊதியபோது வாயில் கசப்பு வரவில்லை. வராதது எனக்கு என்னவோ செய்தது. நஞ்சின் கசப்புக்கும் ஒருவன் ஏங்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பரிசோதகர் கடுமையாகப் பேசவில்லை. அனுபவக்காரர்கள்தான் தனக்குக் கஷ்டம், புதியவர்களுக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னார். அட்டை போட்டிருந்த கொம்பனிக்காரர், நான் இன்னொரு தடவை சோதனை எடுக்கும்வரை இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குமேல் ஏலாதென்றும் சொல்லிவிட்டார்.

மனைவிக்கு நடந்ததைச் சொன்னேன். வயிறு நோகச் சிரித்தாள். பிறகு இல்ஃபோர்டில், பழைய சாமான்களைக் காரில் கொண்டுவந்து விற்கிற கார் பூட் சேல் ஒன்றில் பழைய தோட்டத் தெளிகருவி ஒன்றை வாங்கிவந்து, அதன் நொசிலில் வேப்பெண்ணெய் பூசி என் கையில் தந்தாள். "பிள்ளையளுக்குப் பால் மறக்கப்பண்ணுறது இப்பிடித்தான்," என்றாள். மூன்று கிழமை பின்வளவில் பயிற்சி நடந்தது. முதல் கிழமை நாலு தரம் கசந்தது, இரண்டாம் கிழமை ஒரு தரம். மூன்றாம் கிழமை என் கை தானாகப் பழைய பல் பிரஷைத் தேடியது. பின்கதவடியில் வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்ப்பார்.

இரண்டாம் தடவை பரிசோதகர் ஒரு இளம்பெண். தொடங்க முன்னர், இந்த வேலையில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டாள். பதினொரு வருடம் என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாளே என்று பயந்தேன். இல்லை என்றேன். படிவத்தில் அந்தக் கட்டத்துக்குள் ஒரு கோடு கீறினாள்.

நொசில் வந்தது. பிரஷை எடுத்தேன், சுத்தம் செய்தேன். நடக்கச் சொன்னாள், நடந்தேன். முடிவில் நான் தேறிவிட்டதாகச் சொல்லி, புதிதாகப் பழகுகிற ஒருவரிடம் இவ்வளவு சீரான நடையைத் தான் கண்டதில்லை என்றும் சொன்னாள். நன்றி சொன்னேன். பஸ்ஸில் வரும்போது சந்தோஷம் இருந்தது, பக்கத்திலேயே ஒரு வெட்கமும் இருந்தது. நாலு வரிக் கடிதம் எழுதியவர்கள்கூட என் வருடங்களை மாற்றித் தர ஏலாது என்றுதான் சொன்னார்கள். இல்லை என்று சொன்னது நான்.

அறைக்கு வந்தபோது மனைவி சோறு போட்டு வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. கறியை விட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஊரிலை பதினொரு வருசம் செய்ததைச் சொன்னனீங்களோ?"

"ஓம், சொன்னனான்."

"பாத்தீங்களே, அதை மதிச்சுத்தான் தந்திருக்கினம்," என்றாள் அவள்.

ஓம் என்றேன்.