நல்ல தண்ணீரில் நின்ற நுரை

கிளாஸ்கோவுக்கு வந்த புதிதில் என்னைப் படாதபாடு படுத்தியது குளிரல்ல, சோப்பு. எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் கையை விட்டுப் போகமாட்டேன் என்றது. கழுவுவேன், துடைப்பேன், மறுபடியும் வழவழவென்று இருக்கும். சிங்காநல்லூர் போர்வெல் உப்புத் தண்ணீரில் வளர்ந்த உடம்பு இது. அங்கே சோப்பு நுரைப்பதே பெரும்பாடு. ஒரு சொம்பு ஊற்றினால் தோல் கறகறவென்று ஆகிவிடும். போதாக்குறைக்கு, இந்த வீட்டில் எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எதில் உப்புத் தண்ணீர் வரும் என்றும் தெரியவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். தன் வீட்டுத் தண்ணீரை நான் குறை சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். முகம் சிவந்துபோய், குளியலறைக் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்து, என் கண்ணெதிரே மடமடவென்று குடித்துக் காட்டினார். குடிக்கிற தண்ணீரிலேயே குளிக்கிற ஊர்! போனில் சொன்னபோது அம்மா கடைசிவரை நம்பவில்லை.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுவாணித் தண்ணீர்தான் எங்களுக்கு நல்ல தண்ணீர். கல்கண்டு போல இருக்கும். ஆனால் எங்கள் தெருவுக்கு அது நினைத்தபோதுதான் வரும். வந்ததும் பித்தளைக் குடங்களில் பிடித்து, சமையலறையில் வரிசையாக மூடி வைத்துவிடுவாள் அம்மா. அது குடிக்கவும் சோறாக்கவும் மட்டும். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் உப்புத் தண்ணீரில்தான். மறந்துபோய் நல்ல தண்ணீரில் கை கழுவினால் அன்றைக்கு வீட்டில் கச்சேரி. அப்படிக் காவல் காத்தும், காலையில் பார்த்தால் முதல் குடம் கொஞ்சம் குறைந்தே இருக்கும். பழி என்மேல்தான் விழும். நான் தொடவே இல்லை என்று அழுவேன். அப்பா பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

அப்பா ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரி. மில் சங்கு ஊதுவதற்குள் சவரம் முடித்துவிடுவார். ஒரு கிண்ணத்தில் வட்ட சோப்பு, ஒரு பிரஷ், ஒரு ரேசர், அவ்வளவுதான். கன்னத்தில் கெட்டித் தயிர் போல நுரை நிற்கும். எங்கள் பக்கம் ஒருவர் தாடியோடு தெருவில் இறங்கினால், துக்கம் என்று நினைத்து, ஊட்டுல யாரு தவறிட்டாங்க என்று கேட்பார்கள். அதனால் ஒருநாள்கூட அவர் மழிக்காமல் வெளியே போனதில்லை.

நான் இங்கே வந்த பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. லீவு கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது, முகம் முழுக்க நரைத்த தாடியோடு கிடந்தார். முடிவெட்டுபவரை வீட்டுக்கே கூட்டி வந்தும், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம். பார்க்க யார் வந்தாலும் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நான் பிரஷை எடுத்தேன். பொம்பளப் பிள்ளை அப்பனுக்குச் சவரம் செய்வதா என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா முகத்தை என் பக்கம் திருப்பிக்கொடுத்தார்.

முதல்நாள் பிரஷ் சொட்டச்சொட்டத் தண்ணீர் எடுத்துக் குழப்பினேன். குபுகுபுவென்று வந்த நுரை, ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போவதற்குள் செத்து, பொருக்காகக் காய்ந்துவிட்டது. பிளேடு இழுத்து ரத்தம் வந்தது. மறுநாள் பிரஷை நன்றாக உதறிவிட்டு, சோப்பின்மேல் வெகுநேரம் சுழற்றி, துளித்துளியாகத் தண்ணீர் சேர்த்தேன். ஃபேனை நிறுத்தினேன். அப்போதும் தாடைக்கு வருவதற்குள் அடங்கிப்போனது. தினமும் இதே கதை. பாதி முகம் மழமழவென்றும் பாதி முகம் திட்டுத்திட்டாகவும் இருக்கும். அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு அதைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். துண்டு மறுபடி முகத்துக்கு ஏறும்.

நான் கிளம்பும் நாள் காலை, அப்பா இடது கையைத் தூக்கிச் சமையலறையைக் காட்டினார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். இல்லை என்று தலையாட்டினார். மாத்திரை கொண்டுவந்தாள். அதுவுமில்லை. கடைசியில் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தாள். அவர் குடிக்கவில்லை. இடது கையால் பிரஷைத் தடவி எடுத்து அந்த டம்ளருக்குள் முக்கினார்.

அம்மா சமையலறைக் குடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, இத்தன வருசமா கொடத்துல தண்ணி கொறஞ்சது உங்க வேலைதானுங்களா?"

அப்பாவின் பாதி வாய் சிரித்தது. நான் வந்ததிலிருந்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான். வாங்கிய திட்டெல்லாம் வீண்தானே என்று எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு நிறைய நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நுரை எழும்பி, முகம் முழுக்க மழித்து முடிக்கும்வரை நின்றது. வாசல் கேட்டருகே நாற்காலி போடச் சொல்லி அப்பா ஜாடை காட்டினார். தெருவில் போன ஒருவர், "மேஸ்திரி, நல்லா இருக்கறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் டாக்ஸியில் ஏறும்போது அப்பா துண்டில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு அம்மாவே ரேசரைக் கையில் எடுத்தாள். கோடை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே மத்தியானம், போன் செய்தேன். சாயந்திரம் மில் ஆட்கள் அப்பாவைப் பார்க்க வருகிறார்களாம். அம்மாவின் குரலில் பதற்றம்.

"நொரை நிக்கவே மாட்டீங்குது கண்ணு. நீ எப்புடிப் போட்ட?"

"நல்ல தண்ணியில போடுங்கம்மா."

"நல்ல தண்ணி வந்தே வாரமாச்சு. குடிக்கறதுக்கே லாரித் தண்ணிதான், அதும் உப்பு. அந்தத் தண்ணிக்கு எப்புடிப் போடோணும்னு சொல்லு."

செய்து பார்த்துச் சொல்கிறேன், இருங்கள் என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினேன். கணவரின் சோப்பையும் பிரஷையும் எடுத்து உள்ளங்கையில் குழப்பினேன். நின்றது. அலம்பிவிட்டு, தண்ணீரை அதிகமாக ஊற்றிப் பார்த்தேன். அதுவும் நின்றது. பிரஷை உதறாமல் போட்டேன். நின்றது. இந்த ஊர்த் தண்ணீரில் எப்படிப் போட்டாலும் தப்பாகவே மாட்டேன் என்கிறது. இதிலிருந்து அந்த உப்புத் தண்ணீருக்கு நான் என்ன சொல்ல?

நுரையோடு ஓடிவந்து ரிசீவரை எடுத்தேன். அம்மாவுக்குப் பின்னால் அப்பாவின் குழறல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"மூஞ்சி காயுதாமா. சீக்கிரம் சொல்லோணுமாம்."

இடது கையில் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். வலது உள்ளங்கையில் நுரை அப்படியே நின்றது.