ஓசூரிலிருந்து மஸ்கட்: 72 மணி நேர ரிப்போர்ட்டும் திறந்த ஜன்னலும்

கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்து, விமானங்கள் மெல்ல ஓடத் தொடங்கியிருந்த நேரம். மஸ்கட்டில் இருக்கும் என் ஒரே மகளுக்கு முப்பத்தேழாவது வாரம். மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும். அவருக்கு அம்மா இல்லை, என் வீட்டுக்காரரும் தவறி ஒன்பது வருஷம். நான் போகாவிட்டால் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு போட அங்கே ஆள் கிடையாது. "எப்படியாவது வந்துடும்மா" என்று அவள் சொன்னதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறேன். வெளியிலிருந்து வரும் இரும்புக் கம்பிகளைச் சோதித்து உள்ளே விடுவது என் பொறுப்பு. சப்ளையர் அனுப்பும் சான்றிதழில் தேதி, நேரம், எண் எல்லாவற்றையும் நோண்டிப் பார்ப்பேன். சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் குணம் கம்பெனி கேட்டோடு நிற்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்போதைய விதி இது: விமானம் கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் சளி மாதிரி கொடுத்து, நெகட்டிவ் ரிப்போர்ட் வைத்திருக்க வேண்டும். மாதிரி எடுத்த நேரம்தான் கணக்கு, ரிப்போர்ட் வந்த நேரம் அல்ல. சனிக்கிழமை காலை 10 மணி விமானத்துக்காக, புதன் மாலை 4 மணிக்கு 800 ரூபாய் கட்டி மாதிரி கொடுத்தேன். நெகட்டிவ் வந்தது. வியாழக்கிழமை பார்த்தால், விமானத்தை ஞாயிறு மதியம் 2.40க்குத் தள்ளிவிட்டார்கள். புதன்கிழமை மாதிரிக்கு அதற்குள் 72 மணி நேரம் தாண்டிவிடும்.

"கவலையே படாதீங்க மேடம். லேப்ல உங்க சாம்பிள் மீதி இருக்கு. மறுபடி டெஸ்ட் பண்ணிப் புது ரிப்போர்ட் வாங்கிடலாம்" என்றார் டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட். எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான். கம்பியில் ஒரு துண்டை வெட்டி வைத்திருப்போம், தகராறு வந்தால் அதையே மறுபடி சோதிப்போம். அதனால் நம்பினேன். வெள்ளி மாலை ரிப்போர்ட் வந்தது. நெகட்டிவ் என்ற சொல்லை மட்டும் பார்த்து, அச்செடுத்துப் பையில் வைத்தேன்.

ஞாயிறு காலை 8.15க்கு டாக்சி. பெங்களூர் விமான நிலையம் வரை 78 கிலோமீட்டர், டோலோடு 2,600 ரூபாய். டிரைவர் முனிராஜ், கல்லாவி ஊர்க்காரர், முப்பது வயது இருக்கும். மாஸ்க் தாடையில் கிடந்தது. ஜூஜூவாடி தாண்டுவதற்குள் இரண்டு முறை இருமினார்.

"சளியா?"

"தூசி மேடம்."

"ஊருக்குப் போனீங்களா?"

"புதன்கிழமை சொந்தத்துல ஒரு கல்யாணம், போய்ட்டு வந்தேன்."

"எத்தனை பேர் வந்தாங்க?"

"அம்பது பேருக்குத்தானே மேடம் பர்மிஷன்" என்று சிரித்தார். எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு அது பதிலில்லையே. ஏசியை நிறுத்தி நாலு ஜன்னலையும் இறக்கச் சொன்னேன். லாரிப் புகை வருமே என்று முனகிக்கொண்டே இறக்கினார்.

கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி சோதனைச்சாவடியில் போலீஸ்காரரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் விருதுநகர்க்காரி, இருபது வருஷம் ஓசூரில் இருந்தும் கன்னடம் பாதிதான் விளங்கும். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "பேரப்புள்ள பாக்கப் போறாங்கன்னேன் மேடம்" என்றார். நான் நம்பவில்லை. வழியில் டீக்கு நிறுத்தியபோதும் இறங்கவில்லை. அவர் தனியாகக் குடித்துவிட்டு வந்தார்.

சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் 25 நிமிஷம் நின்றோம். பொழுது போகாமல் ரிப்போர்ட்டை எடுத்து, கம்பெனிப் பழக்கத்தில் வரி வரியாகப் படித்தேன். 'மாதிரி எடுத்த நேரம்: வெள்ளி காலை 9.10.' அந்த நேரத்தில் நான் கம்பெனியில் துருப்பிடித்த கம்பிக்காக லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் மூக்கை யாரும் தொடவில்லை. மீதி சாம்பிளைச் சோதித்திருந்தால் புதன்கிழமை என்றல்லவா இருக்க வேண்டும்?

ஏஜென்டைக் கூப்பிட்டேன். "அதையெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க மேடம். உங்களுக்கு நெகட்டிவ்தானே வேணும்?" என்றார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் சந்தேகப்பட்டவள், எனக்குச் சாதகமாக வந்த ஒரே ஒரு காகிதத்தை விட்டுவிட்டேன்.

விமான நிலையத்தில் இறங்கும்போது 11.05. அந்தக் காகிதத்தை நீட்டினால் போய்விடலாம். விரைவுப் பரிசோதனை கவுன்டரும் எதிரிலேயே இருந்தது, 3,000 ரூபாய், முக்கால் மணி நேரம். மகளிடமிருந்து 'ஏர்போர்ட் வந்துட்டியாம்மா' என்று செய்தி. பச்சைப் பிள்ளையைத் தூக்கப் போகிற கையாயிற்றே என்று கவுன்டருக்கே போனேன்.

பாசிட்டிவ். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வெள்ளிக்கிழமை கேன்டீனில் என்னை வழியனுப்ப நாற்பது பேர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கேக் சாப்பிட்டோம். நம்ம ஆட்கள் என்று அங்கே எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். மகளிடம் சொன்னேன். "நீ பத்திரமா இரும்மா" என்று வைத்துவிட்டாள். அடுத்து முனிராஜைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வீட்ல ஆறு மாசக் கொழந்தை இருக்கு மேடம்" என்றார்.

பெங்களூரிலேயே ஒரு மையத்தில் பத்து நாள் இருந்தேன். நான்காம் நாள் பேத்தி பிறந்தாள், போனில் பார்த்தேன். பத்தியச் சோறு போட்டது பக்கத்து வீட்டு மலையாளப் பெண்மணி; அவர் நன்றாக இருக்க வேண்டும். நான் போய்ப் பேத்தியைத் தூக்கியபோது அவளுக்கு 34 நாள் ஆகியிருந்தது.

இந்த விதிகள் இன்று இல்லை, நாளை வேறு பெயரில் வரலாம். வந்தால், கிளம்பும் நாள் காலையில் விமானக் கம்பெனியின் தளத்தையும் போகிற நாட்டின் தளத்தையும் நீங்களே பாருங்கள், வாட்ஸப்பில் வருவதை நம்ப வேண்டாம். ரிப்போர்ட்டில் முடிவைப் பார்ப்பதற்கு முன் மாதிரி எடுத்த நேரத்தைப் பாருங்கள். விமானம் தள்ளிப்போனால் மூக்கை மறுபடி காட்டித்தான் ஆக வேண்டும். ஓசூரிலிருந்து விமான நிலையத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே மூன்று மணி நேரம் ஆகிறது, வேலை நாளில் நாலு வையுங்கள்.

நான் மையத்தில் இருந்தபோது ஐந்தாம் நாள் முனிராஜ் கூப்பிட்டார். அவருக்கு நெகட்டிவ், வீட்டில் எல்லோரும் நலம். "ஜன்னல் தொறந்திருந்ததாலதான் தப்பிச்சிருப்பேன்னு டாக்டர் சொன்னாரு. எனக்காகத்தானே மேடம் தொறக்கச் சொன்னீங்க?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "இல்லப்பா. உங்களுக்கு இருக்கும்னு சந்தேகப்பட்டுத்தான் சொன்னேன்."

அவர் சிரித்தார். "சந்தேகம் சரிதான் மேடம். ஆளுதான் மாறிப்போச்சு."